எந்தக் குற்றம் குறைந்தது?

'குற்றங்கள் குறைந்துவிட்டன' என்று செய்தி வந்தால், சந்தோஷப்படும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தக் குற்றங்கள்? குதர்க்கம் இல்லை. குற்றவியலாளர்கள் குற்றங்களை எப்படி வகை பிரிக்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். அதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

மிகப் பழைய பிரிவுக்கு லத்தீனில்தான் பெயர்: மாலா இன் சே, மாலா புரோஹிபிட்டா. கொலை, திருட்டு போல, சட்டம் சொல்லாவிட்டாலும் தப்பு என்று தெரிபவை முதல் வகை. சட்டம் தடுத்ததால் மட்டுமே குற்றமானவை இரண்டாவது. உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டுவது போல. கேட்க நன்றாக இருக்கிறது. சரி, சூதாட்டத்தை எதில் வைப்பது? ஆளுக்கொரு பதில் வரும். 1965இல் அமெரிக்க சமூகவியலாளர் எட்வின் ஷர் 'பாதிக்கப்பட்டவர் இல்லாத குற்றங்கள்' என்று ஒரு வகையைப் பேசினார். அவர் எடுத்துக்கொண்ட மூன்றில் ஒன்று தன்பால் உறவு. இன்று பல நாடுகளில் அது குற்றமே இல்லை.

அப்புறம் நமக்கெல்லாம் பழகிய பிரிவு: வன்முறைக் குற்றம், சொத்துக் குற்றம். ஒருவன் கத்தியைக் காட்டி பர்ஸைப் பிடுங்குகிறான். இது எதில் சேரும்? அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் கணக்கில் வன்முறைக் குற்றம். 2015இல் ஐநா புள்ளியியல் ஆணையம் ஏற்ற சர்வதேச வகைப்பாட்டில் 11 பெரும் பிரிவுகள் உண்டு. அங்கே இதே பறிப்பு, சொத்துக்கு எதிரான குற்றங்களில் வன்முறை கலந்தவற்றோடு போய் உட்காருகிறது. எஃப்பிஐயின் பழைய முறையில் இன்னொரு வேடிக்கை. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்தால், பொதுவாக மிகக் கொடியதை மட்டும்தான் எண்ணுவார்கள். வீடு புகுந்து, கொள்ளையடித்து, ஆளையும் கொன்றால் ஏட்டில் ஒரே ஒரு கொலை. மற்ற இரண்டும் காணாமல் போய்விடும்!

இதெல்லாம் கணக்குப்பிள்ளைச் சிக்கல் என்று விட்டுவிடலாம். என் கோபம் வேறு இடத்தில். இந்தப் பெட்டிகள் எல்லாமே தெருவில் நடப்பதற்கு அளவெடுத்துச் செய்தவை. கோட்டு போட்டவர் அறைக்குள் உட்கார்ந்து செய்வதற்கு வெகுகாலம் பெட்டியே கிடையாது. 1939இல் எட்வின் சதர்லாந்து, அமெரிக்க சமூகவியலாளர்கள் சங்கத் தலைவராக ஆற்றிய உரையில்தான் 'வெள்ளைக் காலர் குற்றம்' என்ற சொல்லைப் போட்டு உடைத்தார். மதிப்பும் அந்தஸ்தும் உள்ளவர் தன் தொழிலின் வழியாகச் செய்யும் குற்றம் என்பது அவர் தந்த விளக்கம்.

சொன்னதோடு விடவில்லை. 70 பெரிய நிறுவனங்களின் வரலாற்றைத் தோண்டி, அவற்றுக்கு எதிராக 980 தீர்ப்புகளையும் ஆணைகளையும் எடுத்து வைத்தார். அவற்றில் குற்றவியல் நீதிமன்றங்கள் தந்தவை சுமார் 16 சதவீதம்தான். மீதியெல்லாம் சிவில் நீதிமன்றம், ஆணையம், சமரசம் என்று போனவை. செயல் ஒன்றுதான்; எந்த வாசல் வழியாகப் போனது என்பதில் குற்றம் என்ற பெயரே கழன்று விழுகிறது.

குற்றவியலாளர் பால் டாப்பன் 1947இல் இதை எதிர்த்தார்: நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லாத ஒருவரைக் குற்றவாளி என்பது அறிவியலா, கோபமா என்பது அவர் வாதத்தின் சாரம். நியாயமான கேள்விதான், மறுக்க மாட்டேன். ஆனால் வழக்கே குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா? பர்ஸ் பிடுங்கியவனுக்கு அந்த வசதி இல்லை. பிற்பாடு வந்தவர்கள் இந்த வகையையும் இரண்டாகப் பிரித்தார்கள்: ஊழியர் தனக்காகச் செய்வது, நிறுவனம் தன் லாபத்துக்காகச் செய்வது. எனக்கு இது தேவையான பிரிவாகத்தான் படுகிறது. கல்லாவில் கை வைத்த காசாளரையும், கெட்ட மருந்தைத் தெரிந்தே விற்ற நிறுவனத்தையும் ஒரே வரியில் எழுத முடியாது.

சதர்லாந்தின் ஆய்வு 1949இல் புத்தகமாக வந்தபோது, அவதூறு வழக்குக்குப் பயந்து நிறுவனங்களின் பெயர்களை நீக்க வைத்தார்கள். பெயர்களோடு முழுப் பதிப்பு வந்தது 1983இல். சதர்லாந்து 1950இலேயே இறந்துபோயிருந்தார்.