அந்த ஆயா பேய் இல்லை

மூன்று நாளாக எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு அந்தப் 'பேய் வீடியோ'வை எனக்கே அனுப்பி, "உங்க ஏரியாதானே, உள்ள போயிருக்கீங்களா?" என்று கேட்கிறீர்கள். ஆமாம், எங்கள் ஏரியாதான். உள்ளே பல முறை போயிருக்கிறேன். அதனால்தான் வயிறு எரிகிறது.

எண்ணூர் பக்கம் காலியாகக் கிடக்கும் அந்தக் குவார்ட்டர்ஸுக்குள் பையன்கள் சிலர் ராத்திரி 11 மணிக்கு மேல் புகுந்து அந்த வீடியோவை எடுத்திருக்கிறார்கள். 'வட சென்னையின் பேய் ஊர்' என்று பெயர். முகப்புப் படத்தில் டார்ச் லைட்டோடு நிற்கும் ஒரு வயதான பெண், கண் இரண்டும் வெள்ளையாக மாற்றப்பட்டு. அவர் ஆடு வளர்க்கிற ஆயா. சினையாடு ஒன்று வீடு திரும்பவில்லை என்று தேடிப் போனவர். அந்தப் பையன்கள் அலறிக்கொண்டு ஓடியபோது, பாவம், யாரோ கீழே விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பின்னாலேயே போயிருக்கிறார். அதைத்தான் 'பேய் துரத்தியது' என்று போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுச் சுவரில் வரிசையாகக் கோடுகளைக் காட்டி 'மாந்திரீகக் கணக்கு' என்றார்கள் இல்லையா? அது கதவு நிலையை ஒட்டிப் பிள்ளையை நிற்க வைத்து, தலைக்கு மேல் பென்சிலால் போட்ட கோடு. பக்கத்திலேயே தேதி இருக்கிறது. கடைசிக் கோடு என் தோளுக்கு வரும். ஒரு அம்மாவோ அப்பாவோ வருஷா வருஷம் பார்த்துப் பார்த்துப் போட்டது. உங்கள் வீட்டுச் சுவரில் அப்படி ஒன்று இல்லையா?

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள், இன்றைக்கும் புழங்குகிறார்கள். பேய் என்று சொன்ன நொடியில் அவர்களை இல்லாமல் ஆக்கிவிடுகிறோம்.

"நீ மட்டும் பாழடைந்த கட்டடமாகத் தேடித் தேடிப் போகலாம், அவர்கள் போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு இந்தப் பழக்கம் வந்ததே தாத்தாவால்தான். தாத்தா பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டியவர். பக்கிங்காம் அண்ட் கர்நாட்டிக் என்ற துணி ஆலை, பின்னி மில் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். பி.பி. வாடியா, திரு.வி.க. மாதிரி தொழிற்சங்கத் தலைவர்கள் எல்லாம் வந்து பேசிய இடம். 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, சாவு. தாத்தா அதற்கெல்லாம் ரொம்பப் பிந்தியவர். ஆனாலும் அந்தக் கதைகளைத் தானே உடன் நின்றதுபோலச் சொல்வார். தறிச் சத்தத்திலேயே இருந்த பழக்கத்தில் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். சங்கு ஊதினால் நேரம் பார்க்க வேண்டியதில்லை என்பார்.

1996இல் மில் மூடியபோது அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வாட்ச்மேனிடம் பேசினார். பத்து நிமிஷம் என்று உள்ளே விட்டார். எனக்குத் தெரிந்தது புறா எச்சமும் துருவும் வெறும் தரையும்தான். தாத்தா நடந்துகொண்டே, "இங்க என் தறி, அங்க மேஸ்திரி நிப்பாரு, இந்தத் தூணுகிட்டதான் டிபன் கேரியர் வைப்போம்" என்று காட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றவர் அப்புறம் பேசவே இல்லை. முதல் தடவையாக அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் முதலில் வெளியே டீக்கடையில் உட்கார்ந்து யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

கர்நாடகாவில் இருக்கும் கோலார் தங்கவயலுக்கும் அப்படித்தான் போனேன். பங்காரப்பேட்டையில் இறங்கிப் போனால் எங்கே பார்த்தாலும் தமிழ். வடாற்காட்டிலிருந்து போய் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தவர்களின் பிள்ளைகள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள், பம்புகள் நின்றதும் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. வேலி ஓரமாக நடந்த என்னை ஒரு பெரியவர் கையைப் பிடித்து இழுத்தார். "மேல மண்ணு இருக்கும் தம்பி, கீழ ஒண்ணும் இருக்காது." கேட்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழைய குழிக்குள் கெட்ட காற்று தேங்கியிருக்கும், மூச்சு நின்ற பிறகுதான் தெரியும். நம் பக்கத்துக் கட்டடங்களில் மட்டும் என்ன, கம்பி துருப்பிடித்து ஊதி, மேல்தளம் பாளம் பாளமாக விழுகிறது. ராத்திரியில் ஓடினார்களே, அந்தப் படிக்கட்டில் மூன்று படி கிடையாது. அந்தப் பையன்கள் மேல் எனக்கு அக்கறையே இல்லை என்று நினைக்காதீர்கள்.

"இப்படி வீடியோ வந்தால்தான் அரசு கவனிக்கும், பழைய கட்டடம் பிழைக்கும்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ராயபுரம் ரயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். 1856இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம். வெகுகாலம் பாழாகக் கிடந்து, 2005 வாக்கில்தான் சீரானது. அதன் வரலாற்றை மதித்ததால் நடந்தது அது. பேய் என்று பெயர் வாங்கிய கட்டடத்தை யார் காப்பாற்றுவார்கள்? சீக்கிரம் இடியுங்கள் என்றுதான் சொல்வார்கள்.

'லைட்டா எடுத்துக்கோ' என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் பாட்டியின் கண்ணை வெள்ளையாக்கிப் போட்டிருந்தால் நீங்கள் அப்படி எடுத்துக்கொள்வீர்களா?

தனுஷ்கோடியையும் இப்படித்தான் பேய் நகரம் என்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் அத்தனை பேர் செத்த ஊர். இன்றும் அங்கே மீனவர்கள் குடிசை போட்டு வாழ்கிறார்கள். இடிந்த சர்ச் முன்னால் செல்ஃபி எடுக்கிறவர்களுக்குச் சங்கு விற்பதும் அவர்கள்தான்.

ஆனால் என் கோபம் தனுஷ்கோடியோடு நிற்கவில்லை. வட சென்னை என்றால் இத்தனை நாளும் ரவுடி, கத்தி, கஞ்சா. சினிமா சொன்னது, நீங்களும் நம்பினீர்கள். ஆபீஸில் வீடு எங்கே என்று கேட்டுப் பதில் சொன்னதும் மாறுகிற முகங்களை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். இப்போது உயிரோடு இருக்கிறவர்களையே பேயாக்க வந்துவிட்டீர்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலிருந்து 2017 வரை ஓடியது, 450 மெகாவாட். அந்தக் கரண்ட் உங்கள் வீட்டுக்கும் வந்தது. சாம்பல் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. எங்கள் ஆற்றில், எங்கள் மொட்டைமாடியில், காயப்போட்ட துணியில். அதைப் படம் எடுக்க ராத்திரியில் யாரும் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த முகப்புப் படத்தை நீக்கச் சொல்லுங்கள். அந்த வீடியோ போட்டவர்களைப் பின்தொடர்கிறவர்கள் என் நட்பிலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவர்களைத் திட்ட வேண்டாம், ஊர் பெயர் சொல்லி வம்பு வளர்க்க வேண்டாம். படத்தை நீக்கிவிட்டு, பகலில் வந்து ஆயாவிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும். அந்தக் குவார்ட்டர்ஸில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், அந்தக் கோடுகள் எந்தப் பிள்ளைக்குப் போட்டது, எல்லாம் அவருக்குத் தெரியும்.

நேற்று அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேரன் போனில் காட்டியிருக்கிறான். "இன்னாப்பா, என்னப் பாத்தா அப்டியா கீது?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஆடு குட்டி போட்டுவிட்டதாம், இரண்டு. அதையும் அவரே சொன்னார். இப்போதெல்லாம் இருட்டில் ஆடு தேடப் போனால் டார்ச் எடுத்துப் போவதில்லையாம். யாராவது பார்த்துப் பயந்துவிடப் போகிறார்கள் என்று.