மக்கும் என்று சொன்னால் போதாது, எங்கள் மணலில் புதைத்துக் காட்டுங்கள்

இதயத் துடிப்பை அளக்கும் பனியன், உடல் சூட்டைக் கண்காணிக்கும் சட்டை என்று மின்னணுத் துணிகளைப் பற்றிய செய்திகளை இப்போது அடிக்கடி காண்கிறோம். நோயாளிக்கும் முதியவருக்கும் இவற்றால் நன்மை உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சட்டை நைந்த பிறகு எங்கே போகும் என்பதைத் திருகோணமலையில் இருக்கும் நாம் கேட்டே ஆக வேண்டும்.

வழக்கமாக இவை பொலியெஸ்டர் அல்லது நைலோன் துணியில், வெள்ளி பூசிய நூலோ மெல்லிய உருக்கு இழையோ சேர்த்துச் செய்யப்படுகின்றன. கூடவே ஒரு பற்றரி. பழைய பருத்திச் சட்டையென்றால் தரை துடைக்கலாம். இதைத் துணியாக மறுசுழற்சி செய்வதும் கடினம், மின்னணுக் கழிவாகப் பிரித்தெடுப்பதும் கடினம். வெள்ளி கிருமிகளைக் கொல்லும் என்பதால்தான் அதை வாடை வராத காலுறைகளில் சேர்க்கிறார்கள். அதே வெள்ளி மண்ணுக்குள் போனால், துணியை மக்க வைக்க வேண்டிய நுண்ணுயிர்களையே தாக்கும். உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் கால்வாசி கூட இல்லை.

ஆகவேதான் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன், பிரிஸ்டல் நகரங்களின் ஆய்வாளர்கள் செய்த வேலை எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. மரக்கூழிலிருந்து வரும் டென்செல் துணியில், கிராஃபீனும் (ஓர் அணுத் தடிப்பே உள்ள கரிப் படலம்) மின்கடத்தும் பொலிமரும் கலந்த மையை அச்சிட்டார்கள். உலோக நூல் இல்லாமலே அது இதயத் துடிப்பையும் தோலின் வெப்பத்தையும் அளந்தது. நான்கு மாதம் மண்ணில் புதைத்தபோது துணி தன் எடையில் 48 சதவீதத்தையும் வலிமையில் 98 சதவீதத்தையும் இழந்தது. அருமையான வேலை! ஆனாலும் எடையில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

மக்குதல் இடத்தைப் பொறுத்தது. சோளத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ பிளாஸ்டிக்கும் மக்கும் பொருள் என்றே விற்கப்படுகிறது. அது ஒழுங்காக மக்க, தொழிற்சாலைக் கூட்டெருக் குவியலின் 58 பாகை செல்சியஸ் அளவான வெப்பம் வேண்டும். கடலில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். நிலாவெளிக் கரையில் ஒதுங்கும் ஒரு துண்டுத் துணி, புறாத்தீவின் பவளப்பாறையில் சிக்கும் ஓர் இழை, இவற்றுக்கு அந்தச் சூட்டை யார் கொடுப்பது? நமது மண் உப்பு மணல். மாரியில் ஊறும், பிறகு மாதக்கணக்கில் காயும்.

இன்னொன்றும் எனக்கு ஆதங்கம்: இந்தத் துணிக்கு வேண்டிய பொருளும் கைத்திறனும் நம்மிடமே இருக்கின்றன. கிராஃபீனைக் கிராஃபைட்டிலிருந்து, அதாவது பென்சில் கரியிலிருந்து, எடுக்கலாம். மிகத் தூய்மையான பாளக் கிராஃபைட் இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் இருக்கிறது. ஆடையோ இந்த நாட்டின் மிகப் பெரிய கைத்தொழில் ஏற்றுமதி. நமது மாவட்டத்துப் பெண்பிள்ளைகளும் அந்தத் தையல் இயந்திரங்களின் முன் இருக்கிறார்கள். கழற்ற இலகுவான தையல் எது என்று அவர்களுக்குத் தெரியும். பற்றரியும் மின்னணுச் சில்லும் எப்படியும் மக்கப் போவதில்லை. அவற்றை அழுத்துப் பொத்தானால் கழற்றும்படி முதல் மாதிரியிலேயே அமைக்க வேண்டும். இது அவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை.

“மக்கும்” என்று சட்டையின் விவரப் பட்டியில் அச்சிடுகிறவர், எந்த மண்ணில், எந்த வெப்பத்தில், எத்தனை மாதத்தில் என்றும் அச்சிட வேண்டும். அதைச் சரிபார்க்கும் பரிசோதனையைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே தொடங்கலாம். பருத்தி, டென்செல், மை அச்சிட்ட துணி, மூன்றையும் வலைப்பையில் கட்டிக் கோணேசபுரி மணலிலும் கந்தளாய் வயல் சேற்றிலும் உட்துறைமுகத்து நீரிலும் வைத்து, மாதம் ஒருமுறை எடை பார்த்தால் போதும். மாரி தொடங்குமுன் புதைக்க வேண்டும். செய்ய விரும்பும் விரிவுரையாளர்களும் மாணவர்களும் இந்தப் பதிவின் கீழ் எழுதுங்கள். கந்தளாயில் வயல் இடம் நான் கேட்டுத் தருகிறேன்.