அசுத்தம் என்பது நோயைக் குறிக்கும் சொல் அல்ல

பன்றி இறைச்சியில் புழு இருப்பதால்தான் பைபிளின் பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமம் 11ஆம் அதிகாரம் அதை அசுத்தம் என்று விலக்கியது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. உணவைக் குறித்துப் பேசும் அந்த அதிகாரத்தில் நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கர்த்தர் பரிசுத்தர், ஆகவே அவருடைய மக்களும் பரிசுத்தராயிருக்க வேண்டும் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். ஆரோக்கியம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், அரேபியப் பாலைவன மக்கள் இன்றளவும் உண்ணும் ஒட்டகத்தைப் பன்றியோடு சேர்த்து ஏன் விலக்க வேண்டும்? விரிகுளம்பு, அசைபோடுதல் இரண்டும் உள்ள விலங்கையே உண்ணலாம் என்பது அங்குள்ள விதி. ஒட்டகம் அசைபோடும், ஆனால் அதன் இரு விரல்களும் அடியில் ஒரே மெத்தையாக இணைந்திருப்பதால் விரிகுளம்பு (பிளந்த குளம்பு) என்ற விதிக்குள் அது வரவில்லை. பன்றிக்கோ குளம்பு பிளந்திருக்கிறது, அசைபோடுதல் இல்லை. அதே அதிகாரத்தில் வெட்டுக்கிளிக்கு அனுமதி உண்டு.

யோப்பாவில் இயேசுவின் சீடர் பேதுரு கண்ட தரிசனத்தையும் (எல்லாவித விலங்குகளையும் காட்டி, அடித்துப் புசி என்று ஒரு குரல் சொன்னது) வெறும் உணவு அனுமதியாகச் சுருக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செசரியாவில் கொர்நேலியு என்ற ரோம நூற்றுக்கு அதிபதியின் வீட்டுக்குள் நுழைந்தபோது, எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லலாகாது எனத் தேவன் தமக்குக் காட்டியதாகவே அவர் அதற்குப் பொருள் சொன்னார் (அப்போஸ்தலர் 10:28).