மேம்பாலம் கேட்பதற்கு முன் சந்திப்பின் வாயைப் பாருங்கள்

புறநகர்ச் சந்திப்பு எதுவானாலும், நெரிசல் தாங்க முடியவில்லை என்றதும் எழும் கோரிக்கை இரண்டுதான். சாலையை அகலப்படுத்துங்கள், இல்லையென்றால் மேம்பாலம் கட்டுங்கள். இரண்டுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை கடைசியில் யோசிக்க வேண்டியவை என்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது சந்திப்பின் வாயை. நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால் ஓர் ஐம்பது மீட்டர், சந்திப்பைத் தாண்டியதும் இன்னோர் ஐம்பது மீட்டர். அந்த நூறு மீட்டரில் நடப்பதை யாரும் கவனிக்காததால்தான் மீதி ஒரு கிலோமீட்டருக்கு வண்டிகள் தேங்கி நிற்கின்றன.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பச்சை விழுந்து வரிசை நகரத் தொடங்கிவிட்டால், ஒரு தடத்தில் இரண்டு வினாடிக்கு ஒரு கார் வீதம் கோட்டைக் கடக்கும். ஒரு மணி நேரம் முழுக்கப் பச்சையாகவே எரிந்தாலும் ஒரு தடத்தில் போகக்கூடியது ஏறத்தாழ 1,800 கார்கள்தான். இருசக்கர வண்டிகள் கலந்து ஓடும் இடத்தில் எண் மாறும், கணக்கின் போக்கு மாறாது. எல்லாப் பக்கத்துக்கும் ஒருமுறை பச்சை வந்து முடியும் ஒரு சுற்று 120 வினாடி, அதில் உங்கள் பக்கத்துக்கு 30 வினாடி பச்சை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டி கிளம்புவதற்குள்ளேயே இரண்டு வினாடி போய்விடும். மீதியில் ஒரு தடத்துக்குப் பதினான்கு கார்கள். இதுதான் உங்கள் மொத்தச் சொத்து.

இப்போது ஒரு பேருந்து சந்திப்பைத் தாண்டிய கையோடு ஆள் ஏற்ற நிற்கிறது. நிறுத்தப் பலகையே அங்கேதான் இருக்கிறது, ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருபது வினாடி நின்றால் போதும், அந்தத் தடத்தில் பத்துக் கார்களுக்கான நேரம் காலி. பச்சை எரிகிறது, பேருந்தின் பின்பக்கம் சந்திப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, யாரும் நகர முடியவில்லை. பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளக்கிறது. அதற்குள் சிவப்பு விழுந்துவிடுகிறது. அந்தப் பத்துப் பேர் அடுத்த சுற்றுக்கு மிச்சம், அந்தச் சுற்றில் வருபவர்கள் அதற்கடுத்ததற்கு மிச்சம். இதே இடத்தில் இன்னும் இரண்டு தடம் சேர்த்தாலும் ஓரத் தடம் இப்படியேதான் இருக்கும். நிறுத்தம் சந்திப்பைத் தாண்டி இருப்பது நல்லதுதான். ஆனால் இரண்டு பேருந்துகள் சேர்ந்து நின்றாலும் வரிசை சந்திப்புக்குள் வராத தூரத்துக்கு அதைத் தள்ளி வைக்க வேண்டும். ஒரு பலகையையும் ஒரு நிழற்குடையையும் இடம் மாற்றுகிற வேலை இது. இதைச் செய்யாமல் மேம்பாலத்துக்கு மண் பரிசோதனை செய்ய ஆள் அனுப்புவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அடுத்தது வலப்பக்கம் திரும்பும் வண்டிகள். இடப்பக்கமாக ஓட்டும் நாடுகளில் எதிர்த்திசையை வெட்டிப் போக வேண்டியவர்கள் இவர்கள்தான். தனித்தடம் இல்லையென்றால், திரும்பக் காத்திருக்கும் ஒரே ஒரு வேன் நேராகப் போக வேண்டிய அத்தனை பேரையும் பிடித்து வைத்துவிடும். நடுத்தடுப்பில் அகலம் இருந்தால், அதைக் கொஞ்சம் உள்வாங்கி ஐந்தாறு கார்கள் நிற்கும் அளவுக்கு ஒரு தடம் எடுத்துவிடலாம். அதன் நீளத்தை உச்ச நேர வரிசையை எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். போதாமல் போனால் வரிசையின் வால் பழையபடி நேர்த்தடத்துக்கு வந்துவிடும்.

சிக்னல் நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1958இல் பிரிட்டனின் சாலை ஆய்வகத்தில் எஃப். வி. வெப்ஸ்டர், ஒரு சுற்று எத்தனை வினாடி இருக்க வேண்டும் என்பதற்கொரு சூத்திரம் கொடுத்தார், இன்றும் பாடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறை பச்சை கை மாறும்போதும் சுமார் நான்கு வினாடி யாருக்கும் பயன்படாமல் போகிறது. நான்கு முறை மாறினால் ஒரு சுற்றுக்குப் பதினாறு வினாடி நஷ்டம். சந்திப்பின் கொள்ளளவில் 70 சதவீதம் வண்டிகள் வந்தால், அவர் கணக்கில் சரியான சுற்று சுமார் 97 வினாடி. அதுவே 90 சதவீதம் ஆனால் 290 வினாடி என்று வரும்! அதாவது அந்த நிலையில் நேரத்தை எப்படி மாற்றியும் பெரிதாக மீட்சி இல்லை. பச்சை கை மாறும் தடவைகளைக் குறைக்க வேண்டும், வாயில் இருக்கும் அடைப்பை எடுக்க வேண்டும். சுற்றை நீட்டிக்கொண்டே போனால் வரிசை அடுத்த சந்திப்புவரை நீண்டு அதையும் முடக்கிவிடும். காலையில் ஒரு திசையிலும் மாலையில் எதிர்த்திசையிலும் கூட்டம் வரும் புறநகரில், நாள் முழுக்க ஒரே நேர அட்டவணை ஓடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வண்டி அதிகமில்லாத சந்திப்புகளுக்கு ரவுண்டானா நல்ல தீர்வு. நான்கு பக்கச் சந்திப்பில் வண்டிகள் ஒன்றோடொன்று மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32, ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8. ஆனால் உள்ளே சுற்றுபவருக்கே முன்னுரிமை என்ற விதி இருந்தால்தான் அது வேலை செய்யும். பிரிட்டன் அதை 1966இல் கட்டாயமாக்கியது. அதற்கு முன் நுழைபவர்கள் முண்டியடித்து வட்டமே பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வண்டிகள் கொட்டினால் மற்றவர்களுக்கு இடைவெளியே கிடைக்காது, அங்கே சிக்னல்தான் சரி.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் நடந்து போகிறவர்கள். பொதுவாக வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். முதியவரோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்ணோ அந்த வேகத்தில் நடப்பதில்லை. அப்படியே வைத்தாலும் 14 மீட்டர் சாலையைக் கடக்கச் சுமார் 12 வினாடி, அதை 24 மீட்டராக அகலப்படுத்தினால் 20 வினாடி. அந்தக் கூடுதல் எட்டு வினாடியும் வண்டிகளின் பச்சையிலிருந்துதான் போக வேண்டும். தரவில்லையென்றால் மனிதர்கள் நடுச்சாலையில் மாட்டிக்கொள்வார்கள். அகலப்படுத்தும் திட்டங்களில் இந்தச் செலவை யாரும் எழுதுவதில்லை. நடுவில் பத்திரமாக நிற்க ஒரு திட்டு, மூலையில் வண்டி வேகம் குறைத்துத்தான் திரும்ப வேண்டும் என்கிற மாதிரி இறுக்கமான வளைவு, இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, மேம்பாலத்துக்கு வருவோம். ஒரு சந்திப்பில் நிற்காமல் பறந்த வண்டிகள் எல்லாம் அடுத்த சந்திப்பில் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். அங்கே என்ன திட்டம் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. உச்ச நேரத்தில் புதிய விரைவுச்சாலை எப்படி நிரம்பிவிடுகிறது என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் 1962லேயே எழுதிவிட்டார். அமெரிக்க நகரங்களில் நெடுஞ்சாலை எவ்வளவு கூடுகிறதோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் அதில் வண்டிகள் ஓடும் மொத்தத் தூரமும் கூடுகிறது என்று 2011இல் பொருளியலாளர்கள் டூராண்டனும் டர்னரும் காட்டினார்கள்.

அதனால் அதிகாரிகள் வரைபடத்தோடு வந்தால் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு எத்தனை வண்டிகள் திரும்புகின்றன என்று எண்ணினீர்களா? நடப்பவர்களை எண்ணினீர்களா? எண்ணியதைப் பொதுவில் வையுங்கள். அப்புறம் நிறுத்தத்தைத் தள்ளி, வாயில் நிறுத்தும் வண்டிகளை எடுத்து, தனித்தடத்தைக் கூம்புகளும் பெயிண்டும் வைத்து அடையாளமிட்டு, சில வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். மறுபடி எண்ணுங்கள். தவறாக இருந்தால் கூம்பை ஒரே இரவில் எடுத்துவிடலாம், கான்கிரீட்டை எடுக்க முடியாது.