அந்த 11 நொடிக் காணொளி குறித்து

ஞாயிற்றுக்கிழமை நம் குழுவோடு ஏலகிரி மலைப்பாதையில் மோட்டார் பைக் ஓட்டி ஏறிய என் மனைவி வண்டியோடு விழுந்ததை இங்கே மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அந்தக் காணொளியைப் பார்க்காதவர் என் நட்பு வட்டத்தில் இனி எவரும் இல்லை. ஊரில் இருக்கும் என் மாமியாரின் கைப்பேசி வரை அது போய்ச் சேர்ந்துவிட்டது. 'அண்ணி வண்டியைப் போட்டுட்டாங்க' என்று தலைப்பும் கொடுத்து, பின்னணியில் நகைச்சுவை இசையும் சேர்த்துப் பகிர்ந்த தம்பிக்கு என் நன்றி. படம் பிடிக்க இருந்த கைக்கு வண்டியைத் தூக்கிவிட நேரமில்லாமல் போனதையும் நான் புரிந்துகொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். கூட்டமாக வண்டி ஓட்டிச் செல்லும்போது, அதில் யார் புதிதாகக் கற்றவரோ அவருடைய வேகம்தான் அனைவருடைய வேகமாகவும் இருக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக ஓட்டுகிறவருக்கு மெதுவாகப் போகத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மாதமாக ஓட்டுகிறவருக்கு வேகமாகப் போகத் தெரியாது. இந்த இரண்டில் எது எதற்கு இறங்கி வர வேண்டும் என்பதை விளக்குவதற்கு ஒரு பதிவு தேவைப்படுகிறது என்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த 11 நொடிகளில் தெரியாதவற்றைச் சொல்கிறேன். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அன்று என் மனைவி அவற்றில் ஒன்பதைக் கால் ஊன்றாமல் ஏறி முடித்திருந்தார். பத்தாவது வளைவில், மேலிருந்து இறங்கிய பேருந்து ஒன்று சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முதலில் வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் சொல்கின்றன. அதைப் பேருந்து ஓட்டுநரிடம் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கைப்பிடி இடப்பக்கம் திரும்பியிருந்த நிலையில் என் மனைவி முன்பிரேக்கைப் பிடித்தார், வண்டி அப்படியே உள்பக்கம் சாய்ந்தது, சரிந்த தரையில் கால் எட்டவில்லை. ஏறத்தாழ 180 கிலோ எடையுள்ள வண்டி ஒருமுறை சாயத் தொடங்கிவிட்டால் நானும் பிடித்து நிறுத்த மாட்டேன், நீங்களும் மாட்டீர்கள். அவருக்குப் பின்னால் வந்த மூவர் ஒலிப்பான் அடித்துக்கொண்டே வந்தார்கள் என்பதும் காணொளியில் இல்லை, ஏனென்றால் அங்கே இசையல்லவா ஒலிக்கிறது.

'பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போயிருக்கலாமே' என்று நல்லெண்ணத்துடன் எழுதியவர்கள் பலர். பதினாறு ஆண்டுகள் அப்படித்தான் கூட்டிப் போனேன். என் முதுகையும் தலைக்கவசத்தையும் தவிர அவர் எந்த மலையையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று அவரே சொன்ன பிறகுதான் இந்தப் பேச்சே தொடங்கியது. பழகுநர் உரிமம் எடுத்து, விடுமுறை நாள்களில் ஒரு பள்ளி மைதானத்தில் செங்கற்களை நட்டு வைத்து அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். கிளட்சை அரைப் பிடியில் நிறுத்திப் பழகியதில் இடது உள்ளங்கையில், மோதிர விரலின் அடியில், ஒரு கொப்புளம் வந்து உடைந்து மறுபடியும் வந்தது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஓட்டினார். போக்குவரத்து அலுவலகத்தில் ஒரே முயற்சியில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்கினார். அவரைத்தான் மறுபடியும் பின்னால் உட்காரச் சொல்கிறீர்கள். 'ஸ்கூட்டர் போதாதா' என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை.

'எல்லோரும் மெதுவாகப் போனால் வெயில் ஏறிவிடும், காலை உணவுக்குத் தாமதமாகும்' என்ற வாதமும் வந்திருக்கிறது. இட்லி ஆறிவிடும் என்பதற்காக ஒருவரை மலைப்பாதையில் துரத்தலாம் என்றால் எனக்கு மேலும் பேச ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு விமர்சனம் மட்டும் உறுத்துகிறது. 'கணவன் மனைவிக்கு வண்டி கற்றுக்கொடுக்கக் கூடாது' என்று ஒரு மூத்த நண்பர் எழுதியிருந்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு அந்த ஞாயிறு காலையை நினைத்துப் பார்த்தேன். இருவர் தலைக்கவசத்திலும் புளூடூத் கருவி பொருத்தியிருந்தோம். அடிவாரத்திலிருந்தே நான் 'கிளட்ச், கிளட்ச்', 'முதல் கியர்', 'இடப்பக்கம் ஒட்டாதே' என்று விடாமல் ஓதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளைவு தாண்டியதும் அவர் அதை அணைத்துவிட்டார். அடுத்த ஆறு வளைவுகளையும் அவர் மிக அழகாக ஏறினார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் விழுந்தபோது நான் பக்கத்தில் இல்லை. எட்டாவது வளைவில் முன்னால் சென்றவர்கள் கையசைத்து அழைத்தார்கள், நானும் முந்திக்கொண்டு போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தார் என்பது உண்மை, அது சாக்கு அல்ல. சரி, சாக்குதான். மனைவிக்காகத் தவழ்ந்து போகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்தது. இதை வைத்து 'நீயே செய்யாததை எங்களிடம் கேட்கிறாயே' என்று எழுத வருபவர்கள் தாராளமாக எழுதலாம். அப்போதும் புதியவரின் வேகம்தான் கூட்டத்தின் வேகம் என்பது மாறாது.

பதினேழு வயதில், அப்பாவின் டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனைச் சாக்கடையில் விழுந்தவன் நான். டீக்கடையில் இருந்தவர்கள் நான்கு பேர் இறங்கி வந்து தூக்கிவிட்டார்கள், ஒருவர் என் முழங்காலில் தண்ணீர் ஊற்றினார், கடைசியில் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை. முதலில் தூக்கினார்கள், பிறகுதான் சிரித்தார்கள்.

எங்கள் இருவர் பெயரையும் கொல்லிமலைப் பயணப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எழுபது வளைவுகள் என்பதால் பயந்துவிட்டோம் என்று எழுதிக்கொள்ளவும் தடையில்லை.

இத்தனையையும் நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காணொளியை நான்காவது முறையாகப் பார்க்கிறார். இசையை அணைத்துவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். "இங்கே பாருங்க, நான் தலையைத் திருப்பவே இல்லை. வளைவு முடியற இடத்தைப் பார்க்காம பஸ்ஸையே பார்த்துட்டு இருக்கேன்" என்கிறார். நான் ஒலிப்பான் அடித்தவர்களைப் பற்றித் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. உடைந்த இடப்பக்கக் கண்ணாடியை நேற்றே மாற்றியாகிவிட்டது. வருகிற புதன்கிழமை, கூட்டம் இருக்காது என்பதால், மறுபடியும் ஏலகிரிக்குப் போகிறோம். நான் பின்னால் வர வேண்டுமாம், புளூடூத் கருவியை வீட்டிலேயே வைத்துவிட வேண்டுமாம்.