கண்மாய்க்குள் ஒரு எண்டோஸ்கோப்

“இன்னைக்கு மீனே இல்லப்பா.” தூண்டில் தூக்கிக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் வீட்டு வாசலில் சொல்லும் வசனம். நானும் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். அது பொய் என்று ஒரு மெக்கானிக் கேமரா காட்டிக்கொடுத்துவிட்டது.

இன்ஜினுக்குள் விட்டுப் பார்ப்பார்களே, அந்த எண்டோஸ்கோப்தான். சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. நுனியில் குட்டிக் குட்டி விளக்குகள், ஐந்து மீட்டர் வயர், மறுமுனையை போனில் செருகினால் படம். மூங்கில் குச்சியில் கட்டி, குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எங்கள் ஊர்க் கண்மாயில் இறக்கினேன்.

முதலில் வெறும் டீ கலர். கலங்கல் தண்ணீரில் ஒரு சாணுக்கு மேல் எதுவும் தெரியாது. விளக்கைக் கூட்டினால் மண்துகள்தான் மினுங்குகிறது. சரி என்று விளக்கை அணைத்துவிட்டு, முள்ளுக்கு அரைச்சாண் பக்கத்தில் கேமராவைக் கட்டினேன். ஒரு ரோகு வந்தது. மைதா உருண்டையை அது கவ்வவில்லை, உறிஞ்சியது. உள்ளே போன உருண்டை கண் சிமிட்டுவதற்குள் வெளியே வந்தது. மறுபடி உறிஞ்சல், மறுபடி துப்பல். ஐந்து தடவை! மேலே என் சிவப்பு பிளாஸ்டிக் தக்கை அசையவே இல்லை.

குண்டுத் தக்கையைக் கீழே இழுக்க மீனுக்குப் பலம் வேண்டும். அந்த இழுவை வாயில் பட்டதும் துப்பிவிடுகிறது. மயிலிறகுத் தண்டைக் கட்டி, நுனி மட்டும் தெரிகிற அளவுக்கு ஈயம் சேர்த்தேன். இப்போது உறிஞ்சினாலே நுனி துடிக்கிறது. தாத்தா கட்டியதும் மயிலிறகுத் தண்டுதான். அதற்காக அவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. புழுவில் எச்சில் துப்பிப் போடச் சொல்வார். அதையும் கேமரா வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

“சோனார் பந்து வாங்கலாமா?” என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து ஆழத்தையும் மீனையும் காட்டுகிற கருவி அது. ஜப்பானில் ஃபுருனோ 1948லேயே மீன் தேடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. 120 அடி மேட்டூர், 71 அடி வைகை என்றால் அனுமதி வாங்கிக்கொண்டு போடலாம், பிரயோஜனம் உண்டு. இடுப்பளவு கண்மாய்க்கு அது எதற்கு? அதோடு, மீன் இருக்கிறது என்றுதான் அது சொல்லும், ஏன் துப்புகிறது என்று சொல்லாது. வயர் இல்லாத கேமராவும் வேண்டாம். வைஃபை தண்ணீருக்குள் ஒரு முழம்கூட உருப்படியாகப் போகாது.

என் முதல் கேமரா செத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் ஐபி67 என்று தண்ணீர் தாங்கும் தரம் போட்டிருந்தது. ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நான் மடைப் பக்கம் ஆளுயர ஆழத்தில் இறக்கிவிட்டு பீடி வாங்கப் போயிருந்தேன்.

அப்புறம் ஒரு வயிற்றெரிச்சல். விரால் குஞ்சுகள் செக்கச் செவேலென்று மேலே கூட்டமாகத் திரியும், அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தச் சிவப்பை டிரோனில் தேடி, நடுவில் முள் வைத்த தவளை பொம்மையைப் போட்டு இழுத்து, வீடியோவும் போடுகிறார்கள். அந்த விரால் பசியில் கடிப்பதில்லை, குஞ்சைக் காப்பாற்றக் கடிக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளை வழித்துத் தின்றுவிடும். தயவுசெய்து அந்த வீடியோக்களில் என்னை டேக் செய்யாதீர்கள்.