மருந்துக் கடை மூலையில் வைத்தியம் பார்ப்பது கேவலம் இல்லை

சனிக்கிழமை நம் சங்கக் குழுவில், ஊரிலிருந்து வந்த அப்பாவுக்குக் காது வலி, எங்கே காட்டலாம் என்று ஒருவர் கேட்டார். மருந்துக் கடைக்குள் இருக்கும் கிளினிக் பற்றிப் பேச்சு வந்தது. அப்புறம் நடந்ததை மறுபடி முழுக்க விவரிக்கப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். "ஷாம்பு விற்கிற இடத்திலா அப்பாவுக்கு வைத்தியம்?" என்று நம் சங்கத்து டாக்டர் ஒருவர் எழுதியதும், அதற்குக் கீழே வரிசையாக வந்து விழுந்த சிரிப்பு எமோஜிகளும் இரண்டு நாளாக மனசை அறுக்கின்றன. குழுவில் பதில் போட்டால் சண்டை என்பார்கள். அதனால் என் பக்கத்தில் எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அமெரிக்காவில் மருந்துக் கடைக்குள் இருக்கும் கிளினிக்குக்கு யாரும் கஞ்சத்தனத்தால் போவதில்லை. மற்ற கதவுகள் சாத்தியிருக்கின்றன, அதனால் போகிறார்கள்.

இது ஆரம்பித்த கதையே அதுதான். ரிக் க்ரீகர் என்பவர் மகனின் தொண்டை வலிக்காக ஒரு வார இறுதியில் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தார். அந்த எரிச்சலில்தான் 2000-ல் மினியாபோலிஸ், செயின்ட் பால் பகுதியில் கப் ஃபுட்ஸ் மளிகைக் கடைகளுக்குள் குவிக்மெடெக்ஸ் என்ற கிளினிக் பிறந்தது. அதுவே மினிட்கிளினிக் ஆகி, 2006-ல் சிவிஎஸ் என்ற மருந்துக் கடை நிறுவனத்தின் கைக்குப் போனது. சாதாரணத் தொண்டை வலியைக் காட்ட ஆள் இல்லாமல் போனதற்குக் கடைக்காரர்களா காரணம்?

என் அம்மா கதையைச் சொல்கிறேன். போன வருஷம் கோடையில் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பார்லித் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டால் "உடம்பு சூடு, சரியாயிடும்" என்றார். சாயங்காலம்தான் நீர்க்கடுப்பு என்று சொன்னார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "இந்த ஊர்ல டாக்டர்னாலே சொத்தை எழுதி வைக்கணுங்கிறாங்களே, உனக்கு எதுக்கு அந்தச் செலவு?" என்றார். பெற்றவர்களை விசிட்டர் விசாவில் அழைத்து வந்த ஒவ்வொருவரும் இந்த வரியைக் கேட்டிருப்பீர்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் வரும் ஒரு தொகை நம் கையிலிருந்துதான் போக வேண்டும். பழைய வியாதி என்று ஏதாவது எழுதிவிட்டால் காப்பீட்டுப் பணமும் கிடைக்காது. நான் வழக்கமாகப் போகும் டாக்டர் ஆபீஸ் ஞாயிறு மூடியிருந்தது. மறுநாள் கேட்டாலும் புது நோயாளியை எடுக்க மூன்று வாரம் ஆகும் என்பார்கள் என்று எனக்குத் தெரியும். மிச்சம் இருந்தது மருத்துவமனையின் எமர்ஜென்சி. நீர்க்கடுப்புக்கு எமர்ஜென்சிக்குப் போய், அப்புறம் வீட்டுக்கு வரும் பில்லைப் பிரிக்கக் கை நடுங்கியவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர்?

மருந்துக் கடைக்குப் போனோம். வாழ்த்து அட்டைகள் அடுக்கியிருந்த அலமாரிக்கு எதிரே நாலு நாற்காலி, பக்கத்தில் பெயர் பதியும் திரை. எதற்கு எத்தனை டாலர் என்று விலைப் பட்டியல் முன்னாலேயே இருந்தது. இந்த நாட்டில் வைத்தியத்துக்கு விலையை முன்கூட்டியே கண்ணால் பார்ப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, நல்ல காப்பீடு இருப்பவர்களுக்குப் புரியவே புரியாது. உள்ளே இருந்த நர்ஸ் பிராக்டிஷனர் அம்மாவை உட்காரவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா, முதுகுப் பக்கம் வலிக்கிறதா, வாந்தி வந்ததா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா பதில் சொன்னார். சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்து நிறம் பார்த்தார். "காய்ச்சலும் முதுகு வலியும் இருந்திருந்தால் மருத்துவமனைக்குத்தான் அனுப்பியிருப்பேன், அது சிறுநீரகம் வரை போயிருக்கலாம்" என்று விளக்கினார். அதே கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். தன் எல்லை எதுவென்று தெரிந்த ஒருவரிடம் அம்மாவைக் காட்டினேன். அதைத்தான் கேவலம் என்கிறீர்கள்.

"அவர் டாக்டரே இல்லையே" என்பீர்கள். இல்லைதான். நர்சிங்கில் மேற்படிப்பு முடித்தவர், ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதச் சட்டம் அனுமதிக்கிறது. நீர்க்கடுப்புக்கு அது போதும்.

"கடைக்காரன் மாத்திரை விற்பதற்காக ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொடுப்பான்" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். 2018-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆன்டிபயாடிக் தேவையே இல்லாத சளி, இருமல் வகை நோய்களுக்கு அதை யார் எவ்வளவு எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். அவசரத்துக்கு முன்பதிவில்லாமல் போகும் அர்ஜென்ட் கேர் கிளினிக்குகளில் 45.7 சதவீதம். எமர்ஜென்சியில் 24.6. டாக்டர் ஆபீஸில் 17. கடைக் கிளினிக்கில் 14.4. இருப்பதிலேயே குறைவு எங்கே என்று நீங்களே பாருங்கள். அள்ளிக் கொடுப்பது யார்?

2016-ல் வந்த இன்னொரு ஆய்வையும் காட்டுவார்கள். கடைக் கிளினிக்குக்கு வரும் சின்னச் சின்ன நோய்களில் 58 சதவீதம் புது வருகை, அதாவது கிளினிக் இல்லாவிட்டால் அவர்கள் எங்கேயும் போயிருக்க மாட்டார்கள், அதனால் மொத்தச் செலவு ஏறுகிறது என்றது அந்த ஆய்வு. எனக்கு அதைப் படித்தபோது வயிறு எரிந்தது. எங்கேயும் போகாமல் வீட்டில் பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்கள் வந்து காட்டியது வீண் செலவா?

குழந்தைகளுக்குக் கடைக் கிளினிக் சரிவராது, வழக்கமான டாக்டர் வேண்டும் என்று 2014-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொன்னது. அதை மதிக்கிறேன். நோயாளியின் பழைய விவரம் சிதறிப்போகும் என்பதும் நிஜம். சர்க்கரை, இதயக் கோளாறு எல்லாம் அந்த மூலையில் பார்க்கிற விஷயம் இல்லை. சரி. ஆனால் வழக்கமான டாக்டர் இருப்பவருக்குத்தானே அந்த அறிவுரை பொருந்தும்?

கம்பெனிகளுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் மேலும் கோபம் இருக்கிறது. 2019-ல் ஜார்ஜியாவில் வால்மார்ட் பெரிய அளவில் கிளினிக் தொடங்கியது. ஐந்து மாநிலங்களில் 51 இடம் வரை போனது. 2024 ஏப்ரலில், கட்டுப்படியாகவில்லை என்று மொத்தத்தையும் மூடப்போவதாக அறிவித்தது. அங்கே போய்ப் பழகிய வயசானவர்கள் அதற்கப்புறம் யாரிடம் காட்டுவார்கள்? காப்பீடு இல்லாதவர், ஷிப்ட் வேலைக்காரர், கார் ஓட்டத் தெரியாத நம் அம்மாக்கள் எங்கே போவார்கள்? "ஷாம்பு விற்கிற இடம்" என்று சிரித்தவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. லாபம் இல்லாவிட்டால் கடையும் கதவைச் சாத்தும், டாக்டர் ஆபீஸ் ஏற்கெனவே சாத்தியிருக்கிறது, நடுவில் நிற்பவரைப் பார்த்து நாம் எமோஜி போடுகிறோம்.

அந்த டாக்டர் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. சங்கத்துக்கு அவர் செய்ததெல்லாம் தெரியும். ஆனால் ஊரிலிருந்து வந்த அப்பாவுக்குக் காது வலி, எங்கே காட்டலாம் என்று ஒருவர் பயந்துபோய்க் கேட்கிறார். அவருக்குத் தேவை ஒரு முகவரி. கிடைத்தது அவமானம். நம் சங்கத்தில் இத்தனை டாக்டர்கள் இருக்கிறீர்கள். உண்மையான அக்கறை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், வந்திருக்கும் பெற்றோருக்காகத் தொலைபேசியில் பேசக் கிடைக்கும்படி இருங்கள். யாரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம், யார் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொன்னால்கூடப் போதும். அட்டவணை போடுவது, அழைப்புகளைக் குறித்துக்கொள்வது எல்லாம் நான் செய்கிறேன்.

அதுவரை குழுவில் யார் கேட்டாலும் பக்கத்துக் கடைக் கிளினிக்கின் நேரத்தையும் விலையையும்தான் போடுவேன். அட்மின் நீக்கினால், கேட்டவருக்குத் தனியாக அனுப்புவேன்.